நடுவானில் மாணவரை எட்டிப்பிடிக்க ஒரு டிரஸ்! ஸ்கைடைவிங் பயிற்றுநர்கள் ஜம்ப்சூட்டைத் தேர்வு செய்வது எப்படி?

2015-ம் ஆண்டு மார்ச்சில் வைரலான அந்த வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே ஸ்கைடைவிங் கற்றுக்கொண்டிருந்த 22 வயது இளைஞருக்கு, சுமார் 9,000 அடி உயரத்தில் வலிப்பு வந்துவிடுகிறது. நினைவு தப்பி, மல்லாந்தபடி விழுகிறார். பயிற்றுநர் அவரை நோக்கிப் பாய்கிறார். முதல் முறை பிடி கிடைக்கவில்லை. இரண்டாவது முறை பிடித்து, சுமார் 4,000 அடியில் இளைஞரின் பாராசூட்டை விரித்துவிடுகிறார். இளைஞர் பத்திரமாகத் தரையிறங்கினார்.

பயிற்றுநரின் நிதானத்தை எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால், வீடியோவைப் பார்த்த பலருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். பிரேக்கும் இல்லை, ஆக்ஸிலரேட்டரும் இல்லை. விழுந்துகொண்டிருக்கும் ஒருவர், விழுந்துகொண்டிருக்கும் இன்னொருவரை எப்படித் துரத்திப் பிடிக்க முடியும்?

விடையில் பாதி, உடலை வளைத்து நெளித்து வேகத்தை மாற்றும் பயிற்சி. மீதி, எந்த ஜம்ப்சூட்டை மாட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறார் என்பது. (ஜவுளிக் கடையில் தொங்கும் ஜம்ப்சூட் இல்லை, இது வேற!)

துபாயில் குதிப்பது வேறு, இது வேறு

துபாயில் நம்ம ஆட்கள் குதித்து ஸ்டேட்டஸ் போடுகிறார்களே, அது டேண்டம் ஜம்ப். வாடிக்கையாளரைப் பயிற்றுநர் தன் மார்போடு சேர்த்து மாட்டிக்கொள்வார். இரண்டு பேர் எடை சேர்ந்தால் வேகம் எகிறும் என்பதால், டுரோக் எனப்படும் குட்டிப் பாராசூட் ஒன்று பின்னால் பறந்து வேகத்தை இழுத்துப் பிடிக்கும். உடை என்னவாக இருந்தாலும் பெரிய பிரச்சினை இல்லை.

தனியாகக் குதிக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கு ஏ.எஃப்.எஃப். என்றொரு முறை இருக்கிறது. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் பாடத்திட்டம் உட்படப் பல நாடுகளில் இதுதான் நடைமுறை. மாணவர் முதுகில் அவருடைய பாராசூட். பயிற்றுநர் முதுகில் அவருடையது. ஆரம்ப ஜம்ப்களில் இரண்டு பயிற்றுநர்கள் இருபுறமும் கையால் பிடித்தபடி கூடவே விழுவார்கள். அப்புறம் ஒருவர். பிறகு, கையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே பறப்பார்கள். சுமார் 13,000 அடியில் குதித்து, மாணவர் 5,500 அடியில் பாராசூட்டை இழுக்கிறார் என்றால், இடையில் கிடைப்பது சுமார் 45 வினாடி. அந்த 45 வினாடியும் இரண்டு பேரின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இல்லையென்றால் என்ன ஆகும்? மணிக்கு 10 கி.மீ. வித்தியாசம் என்று வையுங்கள். வினாடிக்கு கிட்டத்தட்ட 2.8 மீட்டர். ஐந்தே வினாடியில் 14 மீட்டர் இடைவெளி, ஏறக்குறைய நாலு மாடி உயரம்!

எடை மட்டும் காரணமில்லை

வெற்றிடத்தில் எல்லாப் பொருளும் ஒரே மாதிரி விழும் என்று பள்ளியில் படித்திருப்போம். காற்றில் கதை வேறு. குதித்த பத்துப் பன்னிரண்டு வினாடிகளில், கீழே இழுக்கும் எடையும் மேலே தள்ளும் காற்றின் தடையும் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகம் பெரிதாகக் கூடாது. வயிறு தரையைப் பார்க்கும்படி படுத்து விழுந்தால், இது மணிக்கு சுமார் 190 கி.மீ.

எடை கூடினால் வேகம் கூடும். காற்றில் படும் பரப்பு கூடினால் வேகம் குறையும். எடையை ஒவ்வொரு ஜம்ப்புக்கும் மாற்ற முடியாது. பரப்பை மாற்றலாம். ஜம்ப்சூட் செய்கிற வேலை இதுதான்.

உயரமும் எடையும் அதிகமான பயிற்றுநர் இயல்பாகவே வேகமாக விழுவார். அவருக்குத் தொளதொள உடை பொருந்தும். காற்றைப் பிடித்து நிறுத்தும் பருத்தி கலந்த துணி நல்லது. ஒல்லியான பயிற்றுநருக்கு நேர்மாறு. உடலோடு ஒட்டிய தையல், காற்று வழுக்கிப் போகும் நைலான் அல்லது லைக்ரா.

அதுவும் போதவில்லை என்றால் இடுப்பில் ஈயக்கட்டி பெல்ட். ஆனால் அதன் பலன் நாம் நினைக்கிற அளவு இல்லை. பாராசூட் பையோடு சேர்த்து 70 கிலோ இருக்கும் ஒருவர் 4 கிலோ ஈயம் கட்டினால், வேகம் 3 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கூடும். அதாவது மணிக்கு சுமார் 5 கி.மீ. அந்த 4 கிலோவை பாராசூட்டும் சுமக்க வேண்டும், தரையிறங்கும் வேகமும் கூடும். என்னைக் கேட்டால், முதலில் தையல்காரர். அதன் பிறகுதான் ஈயம்.

காலையில் 50 கிலோ, மாலையில் 100 கிலோ

ஒரே அணியாகச் சேர்ந்து குதிப்பவர்களுக்குக் கூட வருபவர்கள் யார் என்று முன்பே தெரியும். அதற்கேற்ப ஒரு சூட் தைத்துக்கொண்டால் முடிந்தது. பயிற்றுநருக்கு அந்த வசதி இல்லை. காலையில் 50 கிலோ மாணவி, மாலையில் 100 கிலோ மாணவர் என்று மாறி மாறி வருவார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே மாணவரே ஒரு ஜம்ப்புக்குள் பல வேகத்தில் விழுவது. இடுப்பை நன்றாக வளைத்தால் வேகமாக விழுவார். பயத்தில் உடம்பைத் தட்டையாக வைத்தால் மெதுவாக விழுவார். மல்லாந்துவிட்டாலோ, குட்டிக்கரணம் அடித்தாலோ சட்டென்று வேகம் கூடிவிடும்.

அதனால் பயிற்றுநர் பார்க்க வேண்டியது, இந்த உடையில் எவ்வளவு மெதுவாகவும் எவ்வளவு வேகமாகவும் போக முடியும் என்பதை. இரண்டில் எந்தப் பக்கம் கொஞ்சம் சாய வேண்டும் என்று கேட்டால், மெதுவான பக்கம்தான். காரணம் எளிமையானது. மாணவருக்கு மேலே இருந்தால், கை கால்களை மடக்கிக் கீழே போய்விடலாம். கீழே போய்விட்டால், மேலே ஏற வழியே கிடையாது. முழுசாக விரித்துப் படுத்து, அவர் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் உயரம் கரைந்துவிடும்.

அதற்காக ரொம்பவும் தொளதொளவென்று போனால், மல்லாந்து விழும் மாணவரைப் பிடிக்கத் தலைகீழாகப் பாயும்போது அந்தத் துணியே பிரேக் ஆகிவிடும்.

இதற்குப் பல பயிற்றுநர்கள் கண்ட வழி, சிறிய இறக்கை வைத்த சூட். கைக்குக் கீழே அக்குள் பகுதியில் கூடுதல் துணி இருக்கும். அதிலிருந்து வரும் கயிற்றை விரலில் பிடித்துக் கையை நீட்டினால் இறக்கை விறைத்து வேகம் குறையும். விட்டால் துணி ஒடுங்கி வேகம் கூடும். ஒரே உடையில் இரண்டு கியர்!

ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மாணவரைப் பிடிக்கக் கை வேண்டும். கயிற்றை விட்டுக் கையை நீட்டும் அந்த நொடியில் இறக்கை ஒடுங்கி, பயிற்றுநர் திடீரென்று கீழே போவார். கால்களை இன்னும் நீட்டி அதைச் சமாளிக்கக் கற்றிருக்க வேண்டும். புது இறக்கை சூட்டை முதன்முதலில் மாணவரோடு போடுவது சரியல்ல. விண்ட் டனலில் போட்டுப் பார்ப்பது நல்லது. எந்தக் காற்று வேகத்தில் சும்மா மிதக்கிறோம், கையை எடுத்தால் எவ்வளவு இறங்குகிறோம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம் கைப்பிடி. தன்னுடைய பிரதான பாராசூட்டை இழுக்கும் பிடி பையின் அடிப்பக்கத்திலும், ரிசர்வ் பாராசூட்டுக்கான பிடி மார்புப் பக்கத்திலும் இருக்கும். உபரித் துணி அவற்றை மூடிவிட்டால், வேகம் எவ்வளவு பொருந்தியும் பயனில்லை.

மாணவரின் உடையும் கணக்கில் உண்டு

வேகத்தைப் பொருத்த இன்னொரு சுலபமான வழியும் இருக்கிறது. மாணவர் போடும் சூட்டையும் எடுத்துக் கொடுப்பது பயிற்சி மையம்தான். கனமான மாணவருக்குப் பெரிய, தொளதொள சூட். மெலிந்தவருக்கு இறுக்கமானது என்று கொடுத்தாலே பாதி வித்தியாசம் தீர்ந்துவிடும். பிடிப்பதற்கென்றே கை, கால் பகுதிகளில் துணிப்பிடிகள் வைத்துத் தைத்த சூட்களும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் எட்டவில்லை என்றால், குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே பயிற்றுநர் துரத்தக் கூடாது. தன் பாராசூட்டை விரித்தாக வேண்டும். மாணவரின் பையில் இருக்கும் தானியங்கிக் கருவி, அதற்கும் கீழே ரிசர்வை விரித்துவிடும்.

நீங்கள் எப்போதாவது இந்தப் பயிற்சியில் சேரப் போகிறீர்கள் என்றால், படிவத்தில் எடையும் உயரமும் கேட்பார்கள். ஜிம் செல்ஃபிக்கு வேண்டுமானால் ஐந்து கிலோ குறைத்துச் சொல்லிக்கொள்ளுங்கள். இங்கே சரியான எண்ணையே எழுதுங்க. பக்கத்தில் விழப்போகிறவர் அதைப் பார்த்துத்தான் அலமாரியிலிருந்து சூட்டை எடுப்பார்.