தைராய்டு செயல்பாட்டுச் சோதனை

தைராய்டு செயல்பாட்டுச் சோதனை என்பது, கழுத்தின் முன்புறத்திலுள்ள தைராய்டு சுரப்பி போதிய அளவு ஹார்மோனைச் சுரக்கிறதா என அறிய உதவும் இரத்தப் பரிசோதனை ஆகும். மருத்துவமனைகளின் உயிர்வேதியியல் ஆய்வகங்களில் இது செய்யப்படுகிறது. கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்தில் 1985இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக உள்ள நிறுவனம் அத்தகைய ஆய்வகம் கொண்டது.

முதலில் அளக்கப்படுவது டி.எஸ்.எச். எனும் தைராய்டு தூண்டு ஹார்மோன். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இதைச் சுரக்கிறது. இரத்தத்தில் டி4 எனும் தைராய்டு ஹார்மோன் குறைந்தால், பிட்யூட்டரி கூடுதலாகத் தூண்டும். எனவே டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால் பொதுவாகத் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்றும், தாழ்ந்திருந்தால் மிகுதியாகச் சுரக்கிறது என்றும் பொருள். பெரியவர்களுக்கு இயல்பளவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது சற்று மாறும்.

பச்சிளங்குழந்தைகளுக்கு இச்சோதனை மிக முக்கியமானது. பிறவியிலேயே தைராய்டு குறைபாடுள்ள குழந்தையிடம் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறிகள் தெரிவதில்லை. சிகிச்சை தாமதமானால் மூளை வளர்ச்சி நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். பிறந்து 2 நாட்களுக்குப் பின் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தமே இதைக் கண்டறியப் போதும். முதல் 2 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் இயல்பாக வளர்கின்றனர்.