லாபிக்குப் பின்னால் ஒரு கதவு

பெரிய ஹோட்டல் லாபிகளில் பித்தளை உருளி ஒன்று வைத்திருப்பார்கள். ரோஜா இதழும் சாமந்தியும் வட்டம் வட்டமாக மிதக்கும். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கேட்டரிங் படித்த காலத்தில், சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ட்ரெயினியாகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை, ராத்திரி ஒரு மணிக்கு அந்த உருளியைக் கவிழ்ப்பது.

தண்ணீரை மாற்றினால் போதும் என்றுதான் நினைத்தேன். நைட் ஷிஃப்ட்டில் இருந்த மூத்தவர், எல்லோருக்கும் ‘அண்ணன்’, என் விரலைப் பிடித்து உருளியின் உள்பக்கம் தடவ வைத்தார். வழுவழுவென்று இருந்தது. “நேத்து தண்ணி மட்டும் மாத்திட்டுப் போயிட்டான் தம்பி. சுவத்துல தேய்க்கல.” டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில்தான் ஒட்டும். காய்ந்து கிடந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும்; பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறக்கும்.

தேய்ப்பதில் அடுத்த பாடம். வீட்டில் அம்மா குத்துவிளக்குக்குப் புளி போடுவதைப் பார்த்தவன் நான். கேண்டீனில் ஒரு உருண்டை புளி வாங்கிக்கொண்டு வந்து உருளியருகே உட்கார்ந்தேன். அண்ணன் ஓடி வந்தார். “கீழ என்ன கல்லுன்னு பார்த்தியா?” பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ ஒரு சொட்டு விழுந்து ஊறினால் அந்த இடம் மங்கிவிடும். அது கறையாக இருந்தால் துடைத்து எடுத்துவிடலாம். அமிலம் கல்லையே தின்றிருக்கும். பிறகு அந்த இடத்தை மெஷினால் இழைத்து, எஃகு நார் பேடு மாட்டி, கெமிக்கல் தெளித்து, மறுபடி பளபளப்பு ஏற்ற வேண்டும். ஒரு முகூர்த்த நாளின் லைம் சோடாவுக்கு ஒரு வாரம் மெஷின் ஓட்டியதும் உண்டு.

பளிங்குக்கு இன்னொரு எதிரி மணல். செருப்பில் ஒட்டி வரும் மணல் நடக்க நடக்க உப்புத்தாளாக வேலை செய்யும். வாசலில் நாலைந்து எட்டு நீளத்துக்கு மிதியடி விரித்திருப்பது அதற்காகத்தான். நாம் தெரியாமலேயே நடந்து நடந்து காலைத் துடைத்துக்கொள்கிறோம். அதையும் தாண்டி வந்ததை முதலில் உலர்ந்த மாப்பால் கூட்டி எடுப்பார்கள், பிறகுதான் ஈரம். ஈர மாப்பை முன்னும் பின்னும் தள்ளினால் அழுக்கு ஊர்வலம்தான் போகும். லைசென்ஸுக்கு எட்டுப் போடுவது மாதிரி எட்டு எட்டாகப் போட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும். லிஃப்ட் பொத்தான்களுக்குத் துணியில்தான் மருந்து தெளிப்பார்கள், பலகையில் தெளித்தால் உள்ளே ஈரம் இறங்கி லிஃப்ட் நின்றுவிடும். மருந்துகளை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. ‘ஆர் த்ரீ’ என்றால் கண்ணாடிக்கு, ‘ஆர் சிக்ஸ்’ என்றால் டாய்லெட் கோப்பைக்கு. இந்த ஆறாம் நம்பர் அமிலம். இதையும் பிளீச்சிங்கையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். எங்களுக்கு முதல் நாளே மிரட்டிச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

இதெல்லாம் முன்பக்கம். லாபியின் ஓரத்தில், சுவரோடு சுவராக அதே மரப்பலகை ஒட்டிய கதவு ஒன்று இருக்கும். விருந்தினர் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்றே செய்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனால் வேறு ஊர். டிராலி இடித்துக் காரை பெயர்ந்த சுவர், டியூப்லைட், பருப்பு வாசனையும் ஈரத் துணி வாடையும் கலந்த காற்று. ஜார்ஜ் ஆர்வெல் பாரிஸ் ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் தேய்த்த அனுபவத்தை 1933-ல் புத்தகமாக்கியபோது, மினுமினுக்கும் சாப்பாட்டு அறைக்கும் உள்ளே கிடந்த அசிங்கத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு கதவுதான் என்று காட்டினார். நான் பார்த்த கதவு அதன் பேரப்பிள்ளை.

முன்பக்கம் தேய்ந்துபோன மாப்புதான் பின்பக்கத்துக்கு வரும். துணிகளுக்கு நிறம் உண்டு. சிவப்பு கழிப்பறைக்கு, நீலம் பொது இடங்களுக்கு, பச்சை சமையலறைக்கு. பின்பக்கம் வந்து சேரும்போது எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகி, எது எங்கே துடைத்தது என்று யாருக்கும் தெரியாது. லாபி டாய்லெட் கதவுக்குப் பின்னால் அரை மணிக்கு ஒரு கையெழுத்துப் போடும் செக்லிஸ்ட் தொங்கும். ஸ்டாஃப் டாய்லெட்டிலும் தொங்கியது, ஒரு வாரத்துக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில். சோப்பு டப்பா காலி. சூப்பர்வைசரிடம் சொன்னேன். “நீ கெஸ்ட்டா, ட்ரெயினியா?” என்று கேட்டார். அந்த டாய்லெட்டிலிருந்து வெளியே வந்தவர்தான் அடுத்த நிமிடம் வெள்ளைச் சட்டையைச் சரிசெய்துகொண்டு ரொட்டிக் கூடையைத் தூக்கிப் போனார். அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை.

பின்பக்கம் என்பது அடித்தளம் மட்டுமில்லை, மொட்டை மாடியும்தான். 1976 ஜூலையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற பெயர் பெற்ற ஹோட்டலில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்தது. ஊர் திரும்பியவர்கள் நிமோனியாவில் விழுந்தார்கள். மொத்தம் 221 பேர் படுத்தார்கள், 34 பேர் இறந்தார்கள். படுத்தவர்களில் 39 பேர் ஹோட்டலுக்குள் கால் வைக்காதவர்கள், அந்தத் தெருப்பக்கம் வந்து போனவர்கள். நோய் வந்தவர்களை விசாரித்தபோது லாபியில் அதிக நேரம் இருந்தவர்களுக்கே ஆபத்து கூடுதல் என்று தெரிந்தது. கிருமி பிடிபட்டது 1977 ஜனவரியில். ‘லீஜியோனெல்லா’ என்று பெயர் வைத்தார்கள். சந்தேகம் மொட்டை மாடியில் இருந்த ஏ.சி. கூலிங் டவர் மீது விழுந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பெருகும் கிருமி, டவர் எழுப்பும் நுண்ணிய நீர்த்துளிகளோடு காற்றில் கலக்கக்கூடியது. லாபியின் பளிங்கை எத்தனை எட்டுப் போட்டுத் துடைத்திருந்தாலும் பயனில்லை. 1976 நவம்பரிலேயே ஹோட்டலை மூடிவிட்டார்கள்.

அறைகளுக்கு நடுவிலும் அப்படி ஓர் இடம் உண்டு. 2003 பிப்ரவரியில் ஹாங்காங்கின் மெட்ரோபோல் ஹோட்டலில் ஒன்பதாவது மாடியில் ஒரே ஒரு இரவு தங்கிய மருத்துவரிடமிருந்து சார்ஸ் நோய், அந்த மாடிக்காரர்களோடு டொராண்டோவுக்கும் சிங்கப்பூருக்கும் ஹனோய்க்கும் போனது. பிற்பாடு சோதித்தபோது அவர் அறைக்கு வெளியே தாழ்வாரக் கம்பளத்தில் வைரஸின் தடயம் இருந்தது. அறையைச் சுத்தம் செய்ய ஆள் உண்டு, நேரம் உண்டு. தாழ்வாரம் யாருடைய கணக்கிலும் சேராத இடம்.

பின்வாசலில் நான் பார்த்து மெச்சிய ஒழுங்கும் ஒன்று உண்டு. காய்கறியும் சாமானும் வந்து இறங்கும் இடத்தில் அட்டைப்பெட்டி அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது. அங்கேயே பிரித்து பிளாஸ்டிக் கிரேட்டுக்கு மாற்ற வேண்டும். அட்டையின் நெளிவுகளுக்குள் கரப்பான் தன் முட்டைக் கூட்டோடு பயணம் செய்யும். மருந்தடிக்க மாதா மாதம் ஆள் வருவதைவிட இந்த ஒரு விதி அதிகம் காப்பாற்றியது.

சோப்பில்லாத அந்த ஸ்டாஃப் டாய்லெட்டுக்கு அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். அறைகளில் விருந்தினர் ஒரு தடவை தேய்த்துவிட்டுப் போன சோப்புகள் தினமும் ஒரு வாளி சேரும், குப்பைக்குப் போகும். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அவர் கிச்சன் பக்கம் போய், வெங்காயம் வருகிற சிவப்பு வலைப்பையில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வருவார். நாலு சோப்பை உள்ளே போட்டு முடிந்து, குழாயில் கட்டித் தொங்கவிடுவார். கையை நனைத்து வலையோடு உருட்டினால் நல்ல நுரை வரும், சந்தன வாசனையோடு. கணக்கில் வராத சரக்கு என்று இரண்டு தடவை அறுத்து எறிந்தார்கள். மூன்றாவது தடவையும் கட்டினார்.