ஒரே மின் நிலையம், தினமும் வேறு காற்று: நிலக்கரித் தூசும் வானிலையும்

கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி ஒரு நாள் பளிச்சென்று இருக்கும். மறுநாள் அதே கொடியில் காய்ந்த துணியைத் தட்டினால் கையில் கறுப்பாக ஒட்டும். அருகிலுள்ள மின் நிலையம் இரண்டு நாளும் ஒரே அளவு நிலக்கரியை எரித்திருக்கலாம். மாறியது வானிலை.

தீபகற்ப மலேசியாவின் நிலக்கரி மின் நிலையங்கள் மேற்குக் கரையில் அமைந்துள்ளன. பேராவில் மஞ்சோங், சிலாங்கூரில் காப்பார், போர்ட்டிக்சன் அருகே ஜிமா, ஜொகூரில் தஞ்சோங் பின். நிலக்கரி கப்பலில் வருவதால் எல்லாமே கடலோரத்தில் உள்ளன. ஆகவே கடற்காற்றும் பருவக்காற்றும் தூசின் திசையை முடிவு செய்கின்றன.

இரண்டு வகைத் தூசு

முதலாவது, தரையிலிருந்து எழும் தூசு. நிலக்கரிக் குவியல், சாம்பல் கிடங்கு, லோரி ஓடும் சாலை ஆகியவற்றிலிருந்து இது கிளம்புகிறது. துகள்கள் பெரியவை என்பதால் பெரும்பாலும் அருகிலேயே படியும். துணியிலும் கார் கண்ணாடியிலும் நாம் பார்ப்பது இதைத்தான்.

இரண்டாவது, புகைபோக்கி வழியாக வெளியேறுவது. நவீன வடிகட்டிகள் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட சாம்பலைப் பிடித்துவிடும். தப்பிச் செல்வதில் மிக நுண்ணிய துகள்களும் உண்டு. 2.5 மைக்ரோனுக்கும் குறைவான துகள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நுரையீரலின் ஆழம் வரை செல்லும். புகையுடன் வரும் கந்தக டைஆக்சைடு வாயுவும் காற்றில் நுண்துகளாக மாறுகிறது. ஈரப்பதம் மிகுந்த நாள்களில் இம்மாற்றம் விரைவாக நடக்கும்.

ஒரே வானிலை இவ்விரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

காற்று, வெயில், மழை

பலத்த காற்று புகைபோக்கிப் புகையைக் கலைத்து நீர்க்கச் செய்யும். அதே காற்று காய்ந்த குவியலிலிருந்து தூசைக் கிளப்பிவிடும். காற்றே இல்லாத இரவில் குவியல் அமைதியாக இருக்கும். ஆனால், ஏற்கெனவே எழுந்த தூசு கலைய வழியின்றித் தரையோரம் தங்கிவிடும்.

தெளிவான இரவில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே உள்ள வெப்பக் காற்று ஒரு மூடியைப் போல் அமைந்துவிடுகிறது. உயரமான புகைபோக்கியின் புகை அந்த மூடிக்கு மேலே மிதந்து செல்லும். காலை வெயில் ஏறி மூடி உடையும்போது, மேலே நின்ற புகை கீழே கலந்து இறங்கும். பிள்ளைகள் பள்ளித் திடலில் இருக்கும் நேரமும் அதுவே.

பகலில் கடற்காற்று புகையை உள்நாட்டுக்குத் தள்ளும். வெயிலில் சூடான நிலத்தின் மேல் காற்று கொந்தளிப்பதால், சில கிலோமீட்டர் தள்ளிப் புகை தரைக்கு இறங்கக்கூடும். புகைபோக்கியின் நிழலில் வசிப்பவரைவிட, தூரத்துத் தாமானில் வசிப்பவர் அதிகம் சுவாசிக்கும் நாள்களும் உண்டு.

மழை பெரிய தூசை நன்றாகக் கழுவும், குவியலையும் நனைத்து அடக்கும். நுண்துகளை அந்த அளவுக்கு நீக்குவதில்லை. குவியல் காய்ந்ததும் தூசு மீண்டும் எழும்.

மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குக் கரையில் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வருகிறது. மழையும் குறைவு. சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வருவதும் பெரும்பாலும் இதே காலத்தில்தான். அதனால் வானம் மங்கும்போதெல்லாம் மின் நிலையத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது, எல்லாவற்றையும் புகைமூட்டத்தின் மேல் போடவும் முடியாது.

குறியீடு சொல்லாதது

சுற்றுச்சூழல் இலாகா வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் (ஐபியூ), துகள்களின் அளவு 24 மணி நேரச் சராசரியாகக் கணக்கிடப்படுகிறது. 50 வரை நன்று, 51 முதல் 100 வரை மிதம், 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை. காலையில் ஒரு மணி நேரம் மட்டும் தூசு உயர்ந்தால், அது சராசரியில் கரைந்துவிடலாம். நிலையக் கருவி உங்கள் தாமானில் இல்லையென்றால் அது பதிவாகாமலும் போகலாம்.

ஆகவே புகார் செய்பவர்கள் "தூசு அதிகம்" என்று மட்டும் சொல்லாமல் நாள், மணி, காற்று வந்த திசை, முந்தைய நாள் மழை பெய்ததா, படிந்தது கறுப்பா சாம்பல் நிறமா என்று குறித்து வைப்பது நல்லது. கறுப்பு என்றால் நிலக்கரிக் குவியலையும், சாம்பல் நிறம் என்றால் சாம்பல் கிடங்கையும் முதலில் சோதிக்கச் சொல்லலாம். ஒரு வாரக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், அதிகாரிகளுக்கும் விசாரிக்க ஒரு பிடி கிடைக்கும்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் முதியவர்களும், காற்றில்லாத தெளிவான இரவுக்கு மறுநாள் காலையில் வெளியே ஓடியாடுவதைச் சற்றுத் தள்ளிப்போடலாம்.

வானிலை தூசை உண்டாக்குவதில்லை, அது யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. குவியலுக்குத் தண்ணீர் தெளிப்பது, லோரியை மூடுவது, வடிகட்டியைப் பராமரிப்பது எல்லாம் மனிதர் கையில் உள்ள வேலைகள். மழையில்லாத, காற்று வீசும் நாள்களில்தான் அந்த வேலைகள் கூடுதலாக நடக்க வேண்டும்.