இடம்பெயரும் மூளையும் கணிதமும்

நெடுந்தீவின் மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணக்கல். அதன் துளைகளில் தங்கிய மழைநீரே தீவின் நன்னீர்; கிணற்றை அளவுமீறி இறைத்தால் உவர் மேலேறும் என்பதைத் தீவார் அறிவர். நீரூறிய துளைப்பொருளாகவே மூளையையும் கணிதவியலார் சிலர் காண்கின்றனர்.

ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளை, தன்னைச் சூழ்ந்த நீரில் மிதப்பதால் 50 கிராம் அளவாகவே அமர்ந்திருக்கிறது. அறுவையின்போது மண்டையோட்டைத் திறந்து உறையைக் கீறியதும் அந்நீர் வடிகிறது. மூளை தன் எடையாலேயே அமிழ்கிறது. வீக்கம் தணிக்கும் மருந்தும், கட்டி அகன்ற வெற்றிடமும் அதன் வடிவை மேலும் மாற்றுகின்றன. 1998இல் அமெரிக்காவின் டார்ட்மத் ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீட்டில் மேற்பரப்பின் நகர்வு சராசரியாக 1 சென்ரிமீற்றர். பேச்சை ஆளும் பகுதியின் அருகே அது பெருந்தொலைவு. மருத்துவருக்கு வழிகாட்டும் படமோ அறுவைக்கு முன் எடுத்தது.

அறுவைக்கூடத்திலேயே எம்.ஆர்.ஐ. கருவியை நிறுவுவது ஒரு தீர்வு. 1990களின் நடுவில் பொஸ்ரனில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் விலை எளிய நாடுகளுக்கு எட்டாதது.

மற்றது கணிப்பு. பழைய படத்திலுள்ள மூளையைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நகர்வையும் கணினி கணிக்கிறது. டார்ட்மத்தின் போல்சனும் மீகாவும் இதற்கு எடுத்தாண்டது, ஈரமண் அமுங்குவதை விளக்க இயற்பியலாளர் பியோ 1941இல் வகுத்த கோட்பாடு. எனினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சியது. உயிருள்ள மூளையின் விறைப்பு ஆளுக்கு ஆள் மாறுபடும்; அதை முன்கூட்டி அளப்பது அரிது. மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் கரோல் மில்லர், ஆடம் விற்றெக் குழுவினர் கேள்வியையே மாற்றி அமைத்தனர். மூளையை நகர்த்தும் விசையைத் தேடுவதை விடுத்து, திறந்த மேற்பரப்பு எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் அளந்து கணினிக்குக் கொடுத்தனர். அப்போது உள்ளிடங்களின் நகர்வு விறைப்பின் அளவை மிகச் சிறிதே சார்ந்திருந்தது. இத்துறையின் மிக அழகிய முடிவு இதுவே என்பேன். வரைகலைச் செயலியில் அக்கணிப்பு ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது.

தீவில் மூளைக்கட்டி கண்டவர் படகேறிக் குறிகட்டுவானுக்கும், அங்கிருந்து தரைவழியே யாழ்ப்பாணத்துக்கும் செல்லவேண்டும். விலைமிக்க கருவி எட்டாத அவரைப் போன்றோருக்கு இக்கணிதம் பெருந்துணையாகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் உள்ளன. இரண்டும் சேர்ந்து எடுக்கத்தக்க சிக்கல் ஒன்று இன்னும் காத்திருக்கிறது: கத்தி திசுவை வெட்டி நீக்கும்போது, கணினியிலுள்ள கூறுகளின் பின்னலையே அறுவை நடக்கும்போதே திருத்தியமைக்க வேண்டும்.