ஒரு சொல் மாறினால்...

"நூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன்."

"நூறு ரூபாய் வாங்கிக் கொடுத்தேன்."

இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் பொருள் வேறு! பேசும்போது சொல் தடுமாறினால், "நான் சொன்னது அது அல்ல" என்று திருத்திக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அது முடியாது. எழுதியது எதுவோ அதுதான் பேசும்.

பணம் யாரிடம்?

"வாங்கிக்கொண்டேன்" என்றால், பணம் உங்களுக்கே வந்தது. நாளை கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

"வாங்கிக் கொடுத்தேன்" என்றால், ஒருவரிடம் பெற்று இன்னொருவரிடம் சேர்த்துவிட்டீர்கள்.

"வாங்கி வைத்திருக்கிறேன்" என்றால், பணம் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது.

தம்பிக்காகப் பணம் வாங்கி அவனிடம் கொடுத்துவிட்ட அண்ணன், "வாங்கிக்கொண்டேன்" என்று மட்டும் எழுதினால், கடன் அண்ணன் தலையில் அல்லவா விழும்?

வீடு யாருக்கு?

"தாத்தா வீட்டை எழுதிக் கொடுத்தார்" என்றால், உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட்டார் என்று கொள்ளலாம். வீட்டையோ நிலத்தையோ தானமாக எழுதிக் கொடுத்தால், 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி, பொதுவாக அதைப் பதிவு செய்யவேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும்.

"எழுதி வைத்தார்" என்றால், பெரும்பாலும் உயிலைக் குறிக்கும். உயில் அவர் காலத்துக்குப் பிறகே செல்லும். இருக்கும்வரை அவர் அதை மாற்றி எழுதலாம். உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் அல்ல.

கைமாற்றும் கைமாறும்

தெரிந்தவரிடம் பத்திரம் இல்லாமல், சில நாட்களில் தருவதாகச் சொல்லி வாங்கும் கடன் கைமாற்று. செய்த உதவிக்குப் பதிலாகச் செய்யும் நன்மை கைமாறு. "ஐநூறு ரூபாய் கைமாறு வாங்கினேன்" என்று எழுதுவது தவறு.

"தன் கைப்பட எழுதினார்" என்றால், அவரே எழுதினார். "கைபட எழுத்து அழிந்தது" என்றால், கை பட்டதால் அழிந்தது.

விதியைக் கடைப்பிடிக்கலாம். "கடைபிடித்தேன்" என்றால், சந்தையில் கடை ஒன்றைப் பிடித்தீர்கள் என்று ஆகும்!

வேலா, வேலையா?

மனுவில் "எனக்கு வேலைக் கொடுங்கள்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. இப்படி எழுதினால் முருகன் கையிலுள்ள வேலைக் கேட்பதாக ஆகும்! உத்தியோகம் வேண்டுமானால், "வேலை கொடுங்கள்" என்று எழுதவேண்டும்.

காரணம் எளிது. "ஐ" என்னும் உருபு வெளியே தெரிந்தால், அடுத்து வரும் க, ச, த, ப மிகும்: பாலைக் குடித்தான். உருபு மறைந்தால் மிகாது: பால் குடித்தான். வேல் என்பதோடு "ஐ" சேர்ந்தால் "வேலைக் கொடு". உத்தியோகத்தைக் குறிக்கும் வேலையில் உருபு இல்லை. ஆகவே "வேலை கொடு".

கையெழுத்துக்கு முன்னால்

எந்தக் காகிதமானாலும் முதலில் உரக்கப் படியுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டும் படிக்கச் சொல்லலாம். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்: யார் கொடுத்தார்? யார் பெற்றார்? இப்போது யாரிடம் இருக்கிறது?

மூன்றுக்கும் காகிதத்திலேயே பதில் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால், பேனாவை மூடி வைத்துவிட்டு, திருத்தி எழுதித் தரச் சொல்லுங்கள்.