சிறு அரங்களைப் பேணும் முறை

கிராமத்துக் கருவிகளுள் உருவத்தில் சிறியதாயும், உபயோகத்தில் பெரியதாயும், பராமரிப்பில் முற்றும் அசட்டை செய்யப்படுவதாயும் இருப்பது அரமேயாகும். மண்வெட்டி மழுங்கினால் கொல்லரிடம் போகிறது. ரம்பம் மழுங்கினால் அரத்திடம் வருகிறது. அரம் மழுங்கினாலோ குப்பைக்குப் போகிறது. ஆனால் அவ்வாறு எறியப்படும் அரங்களுள் பல தேய்ந்தவை அல்ல. பல்லிடுக்கு அடைபட்டவை, அல்லது துருவேறியவை. இவ்வேறுபாட்டை அறியாமையால், ஒரு முறை வாங்கிய சாமானுக்கே பலமுறை பணம் கொடுக்க நேரிடுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள பொட்டிபுரத்திலும் போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சிறு அரம் பலருக்கும் வேண்டிய பொருள். பொற்கொல்லர் நகையின் ஓரத்தை அராவுவதற்கும், தச்சர் ரம்பப் பற்களைக் கூராக்குவதற்கும் அதனை நாடுவர். ஏலத் தோட்டத்தில் நிழல் மரங்களைக் கவாத்து செய்யும் கைரம்பத்திற்கு முப்பட்டை அரம் இன்றியமையாதது. ஓய்வு நேரத்தில் மரத்தாலும் பித்தளைத் தகட்டாலும் வண்டி, ஓடம், ரயில் எஞ்சின் முதலிய சிறு மாதிரிகளைச் செய்யும் பிள்ளைகளுக்கு ஊசி அரமே முதற் கருவியாகும்.

இப்பகுதிக்கு விசேஷமான கஷ்டம் ஒன்று உண்டு. போடியின் சமவெளி மழை மறைவில் உள்ளது. ஏலம் செழிக்கும் மலைச்சரிவுகளோ உத்தேசமாய் 600 முதல் 1,200 மீட்டர் உயரத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனைபவை. கீழே மாதக்கணக்கில் பழுதின்றி இருக்கும் அரம், மேலே கொண்டுபோய் ஈரக் கோணியில் வைத்தால் சில நாட்களிலேயே துருவேறிவிடும்.

அரத்தின் அமைப்பு

அரம் பழமையான கருவி. திருவள்ளுவர் உட்பகையின் கேட்டை விளக்குமிடத்து (குறள் 888) அரத்தால் தேயும் உலோகத்தையே உவமை காட்டியிருக்கிறார். முற்காலத்தில் ஒவ்வொரு பல்லும் உளியும் சுத்தியும் கொண்டு கையாலேயே வெட்டப்பட்டது. அரம் வெட்டும் இயந்திரம் ஒன்றிற்கு அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்து வில்லியம் நிக்கல்சன் என்பவர் 1864-இல் காப்புரிமை பெற்றார். நுண்ணிய அரங்களை ஸ்விட்சர்லாந்து முறையில் எண்ணிட்டு விற்பது வழக்கம். 00 என்பது முரட்டு அரம், 6 என்பது மிக மெல்லிய பல்லுடையது.

அரம் கரி மிகுந்த உருக்கினால் செய்து, காய்ச்சிக் கடினமாக்கப்படுவது. ஆகையால் அது மிகவும் கடினமானது. அக்காரணத்தாலேயே எளிதில் ஒடியக்கூடியது. அதன் பற்கள் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால், முன்னே தள்ளும்போதுதான் அறுக்கும். பின்னே இழுக்கும்போது அழுத்தினால் பல்முனை மழுங்குமேயன்றி வேலை நடவாது. தள்ளும்போது அழுத்தியும், இழுக்கும்போது சற்றே தூக்கியும் அராவ வேண்டும்.

அடைப்பா, தேய்வா?

அரத்தை வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பல்முனைகளில் வெண்மையான கோடுகள் மினுமினுத்தால் அது தேய்வு. முனைகள் மினுக்காமல், இடுக்குகளில் மட்டும் பித்தளை அல்லது அலுமினியத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் அது அடைப்பு. அடைபட்ட அரத்தால் மேலும் அராவினால், அத்துணுக்குகள் வேலைப்பொருளின்மேல் ஆழமாகக் கீறிவிடும். அழகாய் அமைந்த மாதிரி ஒரே இழுப்பில் கெடுவது இதனால்தான்.

சுத்தம் செய்யும் விதம்

1. வேலை நடுவிலேயே அரத்தின் விளிம்பை மரக்கட்டையில் மெதுவாகத் தட்டி அரப்பொடியை உதிர்க்க வேண்டும். இரும்பின்மேல் தட்டலாகாது. வாயால் ஊதினால் பொடி கண்ணில் படும்.

2. வேலை முடிந்ததும் குட்டையான கம்பித் தூரிகையால் பல்வரிசை ஓடும் திக்கிலேயே துடைக்க வேண்டும். வரிசைக்குக் குறுக்கே தேய்த்தால் கம்பி பல்முனைகளை மழுக்கும். மிக நுண்ணிய ஊசி அரங்களுக்குப் பித்தளைக் கம்பித் தூரிகை போதும்.

3. தூரிகைக்கு அகப்படாத துணுக்கை மெல்லிய பித்தளைத் தகட்டின் ஓரத்தால் தள்ள வேண்டும். பல்வரிசையின் வழியே நாலைந்து முறை தள்ளினால், மெத்தென்ற பித்தளையில் பற்களின் அச்சே பதிந்து, இடுக்கிலுள்ளதை வெளியேற்றும். உருக்கு ஊசியால் குத்துதல் தவறு.

4. மரப்பிசின் படிந்திருந்தால் மண்ணெண்ணெயில் சிறிது நேரம் ஊறவைத்துத் துடைத்து உலர்த்தலாம். அடுப்பருகில் இதைச் செய்யலாகாது. பிளாஸ்டிக் அராவும்போது வேகம் கூடினால் சூட்டில் இளகி ஒட்டும். ஆகையால் மெதுவாக அராவ வேண்டும். அடைப்பை எரிக்க எண்ணி அரத்தை நெருப்பில் காட்டுவோர் உண்டு. சுமார் 200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால் உருக்கின் கடினம் குறையத் தொடங்கும். பிறகு அந்த அரம் அரமாகாது.

அடைப்பு வராமல் தடுக்க, வேலைக்கு முன் பற்களில் எழுதும் சுண்ணக்கட்டியைத் தேய்ப்பது மலிவான உபாயம். எண்ணெய் பட்ட அரம் வழுக்கும். அதற்கும் சுண்ணக்கட்டியைத் தேய்த்துத் தூரிகையால் துடைத்தால் எண்ணெய் உறிஞ்சப்படும். புது அரத்தை முதலில் பித்தளையில் பழக்கிப் பின்னரே இரும்பில் உபயோகிக்க வேண்டும். காய்ச்சிக் கடினமாக்கிய உருக்கில் அதை வைத்தால் பற்கள் உடனே கெடும்.

துருவும் சேமிப்பும்

துரு இலேசாக இருந்தால் வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் தூரிகையால் துடைக்கலாம். பின்பு சலவைச் சோடா கரைத்த நீரில் அலசி, வெந்நீரில் கழுவி, உடனே உலர்த்த வேண்டும். சோடாவில் அலசாவிட்டால் மிஞ்சிய புளிப்பே மறுபடியும் துருவை உண்டாக்கும்.

மலைக்குக் கொண்டுசெல்லும் அரத்தை மிஷின் எண்ணெய் தோய்ந்த துணியால் ஒற்றி, மூடியுள்ள தகரப் பெட்டியில் வைப்பது நலம். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகத் தடிக்குமாதலால் உதவாது. மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போட்டால் ஈரத்தை உறிஞ்சும். உப்பு மூட்டை, உர மூட்டை அருகில் எந்த அரத்தையும் வைக்கலாகாது.

அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால், ஒன்றின் பல்லை மற்றொன்று தின்றுவிடும். துளையிட்ட மரக்கட்டையில் தனித்தனியே செருகியோ, மடிப்பு மடிப்பாகத் தைத்த துணியில் சுருட்டியோ வைக்கலாம். வால்முனை கூரான அரத்தை மரப்பிடியின்றி உபயோகிப்பது அபாயம். அரம் தடைப்படும்போது அம்முனை உள்ளங்கையில் ஏறிவிடும். அரத்தை நெம்புகோலாக உபயோகிப்பதும் கூடாது. ஒடிந்தால் தெறிக்கும் துணுக்கு கண்ணைப் போக்கக்கூடும்.

உண்மையாகவே தேய்ந்த அரத்தையும் வீணாக்க வேண்டுவதில்லை. அதன் உருக்கு உயர்ந்தது. கொல்லர் உலையிலிட்டு அதனைக் கத்தியாகவோ உளியாகவோ அடித்துக் கொடுப்பர்.

சங்கம் செய்யக்கூடியது

ஒரு கம்பித் தூரிகை, ஒரு பித்தளைத் தகடு, சிறிது சுண்ணக்கட்டி, ஒரு புட்டி மிஷின் எண்ணெய் ஆகிய இவை ஒரு குடும்பத்திற்கு அன்றாடம் வேண்டியவையல்ல. ஊருக்கு ஒரு தொகுதி போதும். சங்கக் கட்டடத்தில் அவற்றை வைத்து, மாதம் ஒரு நாள் அங்கத்தினர் தங்கள் அரங்களைக் கொணர்ந்து சுத்தம் செய்யும்படி ஏற்பாடு செய்யலாம். பிள்ளைகளும் அங்கேயே பழகுவர். கருவிக்காகக் கடன் கேட்கும் அங்கத்தினர், வீட்டிலுள்ள பழைய அரத்தை முதலில் வெயிலில் சாய்த்துப் பார்ப்பாராக. அது அடைபட்டதுதான் என்று தெரிந்தால், அந்தக் கடனும் வேண்டாம், அதற்கான வட்டியும் வேண்டாம்.