கட்டுமரம் என்றால் லண்டனில் கிழவி! தெரியுமா?

நெல்லைச் சீமையின் உவரிக் கடற்கரையில் நின்று ‘கட்டுமரம்’ என்று சொன்னால் கடலைக் கைகாட்டுவார்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் லண்டன் சந்தில் ஒரு பாட்டியைப் பார்த்து அதே சொல்லைச் சொல்லியிருந்தால்? வசவு நிச்சயம்! 1811-இல் லண்டனில் அச்சான கொச்சைச்சொல் அகராதி ஒன்றில் ‘கேட்டமரான்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? ஒட்டி உலர்ந்த கிழவி! சண்டைக்காரி என்ற பொருளும் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-இல் வெளியிட்ட பயணப் புத்தகத்தில் நம் கரையோரக் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருந்தார். கப்பலேறிப் போன சொல்லுக்குப் போன இடத்தில் இந்தக் கதியா! உவரிக்காரர்களோ ‘கட்டு’ என்று சொல்லி வாயை வலிக்க வைத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு அது வெறும் ‘மரம்’.

உவரியில் மணலில் மீனைக் கொட்டி ஏலம் விடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த ‘ஏலம்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? 16-ஆம் நூற்றாண்டில் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்து சேர்ந்த போர்ச்சுக்கீசியர்களின் ‘லெய்லாவ்’தான் அது! சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் அவர்கள் விட்டுப்போனவைதான். ஆனால் நெல்லைச் சீமையின் பழைய ஆட்களுக்குச் சாவி தேவைப்படவில்லை. அவர்களிடம் ‘தொறவா’ இருந்தது. திறப்பதால் தொறவா. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல்லைச் செய்ய முடியுமா!

அந்த ஏலத்துக்குச் சென்னைக்காரர் ஒருவர் போய் “வஞ்சிரம் இருக்கா?” என்று கேட்கிறார் என்று வையுங்கள். காலடியிலேயே கிடக்கும், ஆனால் அதன் பெயர் ‘சீலா’. கொஞ்சம் தெற்கே, குமரிப் பக்கம் போனால் அதுவே ‘நெய்மீன்’. மத்தி இங்கே ‘சாளை’. டால்பின் ‘ஓங்கல்’. வலைக்கு ‘மடி’, கடலுக்குள் கிடக்கும் பாறைத்திட்டுக்குப் ‘பார்’, கடல் நீரோட்டத்துக்கு ‘நீவாடு’. “பாடு எப்படி?” என்று ஒருவர் கேட்டால் உங்கள் கஷ்டத்தை விசாரிக்கிறார் என்று நினைத்துக் கதை சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள். எவ்வளவு மீன் பட்டது என்று கேட்கிறார்!

சரி, லண்டனுக்கே வருவோம். அங்கே செயின்ட் மேரி லே போ தேவாலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்தவர்தான் ‘காக்னி’, அதாவது அசல் லண்டன்காரர் என்பார்கள். இவர்களுடைய எதுகைக் கொச்சை ஒரு தனி வித்தை. ‘லுக்’ என்றால் பார்வை. அதற்கு எதுகையாக ‘புட்சர்ஸ் ஹுக்’, அதாவது கசாப்புக்காரன் கொக்கி. இத்தோடு விட்டால் பரவாயில்லையே! எதுகை இருக்கிற ‘ஹுக்’கையே வெட்டி எறிந்துவிடுவார்கள். மிச்சம் ‘புட்சர்ஸ்’. “ஒரு புட்சர்ஸ் போடு” என்றால் “ஒரு பார்வை பார்” என்று அர்த்தம். ‘ஹெட்’ என்ற தலை ‘லோஃப் ஆஃப் ப்ரெட்’ ஆகி, வெறும் ‘லோஃப்’ ஆனது இப்படித்தான். 1859-இல் ஜான் கேம்டன் ஹாட்டன் போட்ட கொச்சை அகராதியிலேயே இந்த எதுகைக் கொச்சைக்குத் தனிப் பட்டியல் உண்டு.

தமிழில் செய்து பார்ப்போமா? ‘பட்னி’க்கு எதுகை ‘இட்லி சட்னி’. சட்னியை வெட்டுங்கள். “காலையிலேர்ந்து நான் இட்லிலே!” என்றால் கொலைப்பட்டினி என்று பொருள். கேட்பவர் வயிறு நிறைந்த ஆள் என்று நினைத்துக்கொள்வார். இந்த வித்தையின் ருசியே அதுதான்.

ஆனால் லண்டன்காரர்கள் ரொம்பப் பீற்றிக்கொள்ள வேண்டாம். ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்ளும் சங்கேதச் சொல்லுக்கு நம் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டு நன்னூலிலேயே இடம் ஒதுக்கிவிட்டார்! அதன் பெயர் குழூஉக்குறி. உரைகாரர்கள் காட்டும் உதாரணங்களைப் பாருங்கள்: பொற்கொல்லருக்குப் பொன் ‘பறி’. யானைப்பாகருக்கு ஆடை ‘காரை’. வேடருக்குக் கள் ‘சொல்விளம்பி’! உள்ளே போனதும் உள்ளதையெல்லாம் உளற வைக்கிற சரக்குக்கு இதைவிட நல்ல பெயர் டாஸ்மாக் யுகத்திலும் கிடைக்கவில்லை. இன்னொரு விசேஷம், இலக்கணம் இதை வழு என்று தள்ளவில்லை. ‘தகுதி வழக்கு’ என்று மரியாதையாக உட்கார வைத்தது. மங்கல வழக்கும் அதே வரிசைதான். சுடுகாடு ‘நன்காடு’, கறுப்பு ஆடு ‘வெள்ளாடு’. “போறேன்” என்று சொல்ல வாய் வராமல் “வாரேன்” என்று கிளம்புகிறோமே, அதுவும் அந்தச் சாதிதான்.

வெள்ளைக்காரத் துரைமாருக்கும் குழூஉக்குறி உண்டு. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த துரைகளுக்கு மற்ற மாகாணத்தார் வைத்த பட்டப்பெயர் ‘மல்’. என்ன அது? ‘மல்லிகட்டானி’யின் வால் நறுக்கிய வடிவம். மல்லிகட்டானி எது? நம் மிளகுத்தண்ணீர்! 1886-இல் யூல், பர்னல் இருவரும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் இது பதிவாகியிருக்கிறது. ரசத்தைக் குடித்தவனுக்கே ரசத்தின் பெயர்!

மறுபடி உவரிக்கு வருவோம். அங்கே பிறந்த ஜோ டி குரூஸ் 2004-இல் ‘ஆழி சூழ் உலகு’ நாவலை எழுதியபோது இந்தக் கரையின் பேச்சைப் புத்தகத்துக்குள் அப்படியே இறக்கினார். அவருடைய ‘கொற்கை’ 2013-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது. கடற்கரை அறியாத வாசகர்கள் முதல் பக்கங்களில் திணறத்தான் செய்வார்கள். திணறட்டும், பழகிவிடும்.

கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுக்காக வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982-இலேயே கொண்டுவந்துவிட்டார். கடற்கரைக்கும் ஊருக்கு ஊர் அப்படி ஒன்று வேண்டும். ஃபைபர் படகு வந்த பிறகு கரையில் மரம் அருகிவிட்டது. மரத்தோடு அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் இருந்த பெயரும் போய்க்கொண்டிருக்கிறது. உவரியிலோ, பக்கத்துக் கூடுதாழையிலோ, இடிந்தகரையிலோ மரமேறிக் கடலுக்குப் போன தாத்தா உங்களுக்கு இருந்தால், இந்த லீவுக்கே ஒரு நோட்டோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். வசவையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.